மூடியில் எழுதக் கூடாது

முதல் வேலையாக லேப் ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழ்த்தட்டில் இருக்கும் நீல நிற பிஸ்கட் டப்பாவை வெளியே எடுங்கள். உள்ளே மார்க்கர் பேனாக்கள் மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால், அதை வைத்தது யார் என்று விசாரித்து, இந்தக் காகிதங்களை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் டீ குடிக்கப் போகலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து ஆசிரியர்களுக்கும் உபயோகமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து கேட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்துக் கல்லூரியில் பிள்ளைகளை ஈஸ்ட்டோடு மல்லுக்கட்ட விட்டு வேடிக்கை பார்த்தவள் நான். இப்போது கோவிலம்பாக்கத்தில் மொட்டைமாடியில் தக்காளி வளர்க்கிறேன். தக்காளி தேவலை, அரியர் வைப்பதில்லை. உபதேசம் எனக்கு வராது, திட்டத்தான் வரும். ஆனால் இந்த விஷயத்தில் திட்டு வாங்க வேண்டியவள் நான்தான். அதனால் தைரியமாகப் படியுங்கள்.

நீங்கள் எல்லாரும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்கள். இருந்தாலும் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் தெரிந்த நானே ஒருநாள் காலையில் இதை மறந்துபோனேன். நம் லேப் ஈஸ்ட் ஒரு நோஞ்சான். சாப்பாட்டில் யூராசில் என்ற சரக்கு இல்லாவிட்டால் வளராது. இன்னொரு கோளாறும் உண்டு, நாலு நாள் வளர்ந்தால் ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும். யூராசில் செய்யும் ஜீனையும் நாம் வெட்டி ஒட்டிய ஜீனையும் ஒரு டிஎன்ஏ வளையத்தில் வைத்து அதற்குள் அனுப்புகிறோம். பிறகு யூராசில் இல்லாத சாப்பாட்டை ஊற்றி உறையவைத்த ப்ளேட்டில், அதாவது மூடி போட்ட வட்டத் தட்டில், தடவுகிறோம். வளையம் உள்ளே போன செல் மட்டும் பிழைத்து, ரோஸ் புள்ளியாக வளரும். கூடவே, டிஎன்ஏ போடாத அதே ஈஸ்ட்டை இன்னொரு ப்ளேட்டில் தடவுகிறோம். அதுதான் கன்ட்ரோல். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்துவிட்டால், முதல் ப்ளேட்டில் நீங்கள் எண்ணி வைத்ததெல்லாம் செல்லாக் காசு.

சொல்வதற்குச் சுலபம். செய்யும்போது பாதிப் பேருக்கு வராது. ஒருவன் ஈஸ்ட்டைப் போட்ட ட்யூபையே கழுவி வைத்துவிடுவான். இன்னொருத்தி, டிஎன்ஏ உள்ளே போக ட்யூபைக் கொஞ்ச நேரம் நாற்பத்திரண்டு டிகிரி தண்ணீரில் வைக்கச் சொன்னால், வைத்துவிட்டு, கேன்டீனுக்கு சமோசா சாப்பிடப் போய்விடுவாள். வகுப்பில் இதெல்லாம் நடந்தால் சிரித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லலாம். செமஸ்டர் பரீட்சையில் வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். அங்கே மறுபடி கிடையாது.

அதற்காக எங்கள் பழைய துறைத்தலைவி கண்டுபிடித்ததுதான் அந்த பிஸ்கட் டப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே என்னை ஃப்ரிட்ஜ் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் திறந்து காட்டினார். புள்ளி முளைத்த ப்ளேட் ஆறு, ஒன்றும் முளைக்காத ப்ளேட் ஆறு, எல்லாம் பெயர் எழுதாமல் தயாராக இருந்தன. "பாடம் நடத்தறதுக்கு ஈஸ்ட்ட நம்பலாம்மா. பிள்ளைங்க மார்க் விஷயத்துல அத நம்பாத" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்காக உயிரை விடுவார். யாருக்காவது பரீட்சையில் சொதப்பினால், சத்தமில்லாமல் ஒரு ப்ளேட் இடம் மாறும். பிள்ளைகளுக்கும் இது தெரியும். அந்த டப்பாவுக்கு அட்சயபாத்திரம் என்று பெயரே வைத்திருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றபோது டப்பா என் பொறுப்புக்கு வந்தது. நானும் பெருமையாக நிரப்பி வைத்தேன்.

டப்பாவைப் போலவே இன்னொரு விஷயத்துக்கும் நான் பிரசித்தம். ப்ளேட்டில் பெயரை மூடியில் எழுதக் கூடாது, அடித்தட்டில்தான் எழுத வேண்டும். மூடி இடம் மாறும், அடித்தட்டு மாறாது. இதை நான் எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருப்பேனோ தெரியாது. மூடியில் எழுதினவன் ப்ளேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்று தண்டனைகூட வைத்திருந்தேன். பின்னால் என்னை "மூடி மேடம்" என்று கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது ரெபேக்காவுக்கு வருகிறேன். பொழிச்சலூரில், தலைக்கு மேலே விமானம் இறங்குகிற தெருவில், அவள் அப்பாவுக்குச் சின்ன பேக்கரி. அவள் மூன்றாம் வருடம். கெட்டிக்காரி, ஆனால் கை அவசரம். முந்தின வருடப் பரீட்சையில், ஈஸ்ட்டைத் தடவும் கண்ணாடிக் கம்பியை நெருப்பில் காட்டி, ஆறவிடாமல் அப்படியே ப்ளேட்டில் இழுத்துவிட்டாள். ஒரு புள்ளிகூட வரவில்லை. "பேக்கரிக்காரப் பொண்ணு இல்ல, பழக்க தோஷத்துல வேகவெச்சுட்டா" என்று வகுப்பே சிரித்தது. அன்றைக்குப் பார்த்து எனக்கு சிக்குன்குனியா, வீட்டில் முடங்கிக் கிடந்தேன். டப்பாவைத் திறக்க ஆள் இல்லை. அந்தப் பேப்பர் அரியர் ஆகிவிட்டது.

கடைசி செமஸ்டரில் அதை மறுபடி எழுத வந்தாள். அதற்குள் எம்.எஸ்ஸி.க்கு ஒரு நல்ல இடத்தில் சீட் கிடைத்திருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் என் அறைக்கு வந்து நின்றாள்.

"அப்பா சொல்லிட்டாரு மேடம். இந்த வாட்டியும் போச்சுன்னா கடையில கல்லால உக்காருன்னு. அவருக்கும் ஆள் இல்ல, பாவம்."

"போகாது. போய்ப் படி."

"கம்பிய ஆறவெச்சுடுவேன் மேடம். ப்ராமிஸ்."

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவள் போன பிறகு மனசு அடித்துக்கொண்டது. போன வருடம் நான் இருந்திருந்தால் அவள் பாஸாகியிருப்பாளே என்றுதான் நினைத்தேன். டப்பாவில் இரண்டு ப்ளேட் கூடுதலாக வைத்தேன்.

பரீட்சை இரண்டு நாள். வியாழக்கிழமை பிள்ளைகள் சோதனையைச் செய்வார்கள். திங்கட்கிழமை ப்ளேட்டைத் திறந்து முடிவைச் சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னலாக வந்தவர் ஒல்லியான மனிதர், சிரிக்கமாட்டார், நாம் கொடுக்கும் பிஸ்கட்டையும் தொடமாட்டார். வியாழன் அன்று ரெபேக்கா ஒரு தப்பும் செய்யவில்லை. கம்பியை ஆறவிட்டது மட்டுமில்லை, விரலால் காற்றில் எண்ணி எண்ணி ஆறவிட்டாள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே லேப்புக்குப் போய்விட்டேன். அட்டெண்டர் முனுசாமி அண்ணன் மட்டும் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ப்ளேட்களை வளரவிடும் இன்குபேட்டர் அலமாரியைத் திறந்து ரெபேக்காவின் ப்ளேட்களைத்தான் முதலில் எடுத்தேன். எண் 417. டிஎன்ஏ போட்ட ப்ளேட்டில் நிறையப் புள்ளிகள். "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்து கன்ட்ரோல். அதிலும் புள்ளிகள், அதுவும் குண்டு குண்டாக.

எங்கே தப்பு என்று யோசித்தேனா? இல்லை. ப்ளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேனா? அதுவும் இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தேன், அதை இறக்கிக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ரெபேக்காதான். டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் முளைக்காத ப்ளேட் ஒன்றை எடுத்தேன். மார்க்கரில் "417 கன்ட்ரோல்" என்று எழுதி இன்குபேட்டரில் வைத்தேன். அவளுடைய கன்ட்ரோலைக் குப்பை வாளியில் போட்டேன்.

முனுசாமி அண்ணன் துடைப்பத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், காலங்காத்தால கைவேல?"

"அண்ணா, அந்த வாளிய ஆட்டோகிளேவ்ல போட்டுடுங்க. எல்லாரும் வர்றதுக்குள்ள."

"யார் பொண்ணு? பேக்கரியா?"

"ஆமா."

"நல்ல பொண்ணு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாளியில் உள்ளதெல்லாம் ஆட்டோகிளேவில் வெந்தால் எந்த ப்ளேட்டும் அடையாளம் தெரியாமல் உருகிவிடும். விஷயம் முடிந்தது என்று நினைத்து நிம்மதியாக ஒரு காபி குடித்தேன்.

பத்து மணிக்கு எக்ஸ்டர்னல் ஒவ்வொரு மேஜையாக வந்தார். ரெபேக்காவின் முறை வந்தது. டிஎன்ஏ ப்ளேட்டை எடுத்து வைத்தாள். கன்ட்ரோலைக் கையில் எடுத்தாள். திருப்பி அடியைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். மறுபடி அடியைப் பார்த்தாள்.

"மேடம், இது என் ப்ளேட் இல்ல."

எக்ஸ்டர்னல் பேனாவை மூடினார். "எப்படிச் சொல்றம்மா?"

"மூடியில எழுதியிருக்கு சார். நான் அடியிலதான் எழுதுவேன். மேடம் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

இருபது தலைகள் என் பக்கம் திரும்பின. வாழ்க்கை முழுக்க எதைச் செய்யாதே செய்யாதே என்று தொண்டை கிழியக் கத்தினேனோ, அதை நானே செய்திருந்தேன். பத்து நிமிடம் ப்ளேட்டோடு நிற்க வேண்டியவள் நான்தான்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. "வியாழக்கிழமை அவசரத்துல மூடியில எழுதியிருப்ப, ஞாபகம் இல்ல, உக்காரும்மா" என்று ஒரு அதட்டு அதட்டலாம். அவள் நம்பியிருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் அதட்டினால், தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கூசிப்போனேன்.

"சார், அது அவ ப்ளேட் இல்ல. நான்தான் மாத்தினேன்" என்றேன்.

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார். "ஏன் மேடம்?"

"அவ கன்ட்ரோல்ல புள்ளி வந்திருந்தது."

ரெபேக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ப்ளேட்டை மாற்றினதற்காக இல்லை. கன்ட்ரோலில் முளைத்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். "அப்ப எல்லாமே போச்சா மேடம்?" என்றாள், ரொம்ப மெதுவாக.

"ஒரிஜினல் ப்ளேட் எங்க?" என்று எக்ஸ்டர்னல் கேட்டார்.

"ஆட்டோகிளேவ்ல..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"போடல மேடம்."

முனுசாமி அண்ணன், கையில் ப்ளேட்டோடு நின்றார். ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்.

"ஏன் போடல?" என்றேன், அந்த நேரத்திலும் எனக்கு அதிகாரம் போகவில்லை பாருங்கள்.

"அடியில பொண்ணு நம்பரு கீது மேடம். நாலு நாளா வளந்துகினு கீது. அதும் பொருள் இல்லியா? கேட்டா இன்னா சொல்றதுன்னு எடுத்து வெச்சுகினேன்."

எக்ஸ்டர்னல் இரண்டு ப்ளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சரிம்மா. ஒனக்கு அஞ்சு நிமிஷம். இது என்னன்னு நீயே சொல்லு. மேடம், நீங்க பேசக் கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டேன். போட்ட அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் பேசக் கூடாதே!

ரெபேக்கா கன்ட்ரோலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். டிஎன்ஏ ப்ளேட்டைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பவும் கன்ட்ரோல். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். திடீரென்று தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

"ஐயோ சார்" என்றாள். "இது எங்க கடை ஈஸ்ட்!"

"என்னது?"

"வியாழக்கிழமை மாவு பிசையற அண்ணன் வரல. காலைல அஞ்சு மணிக்கு நான்தான் அப்பாகூட நின்னு பன்னுக்கு மாவு பிசைஞ்சேன். கை கழுவினேன் சார், ஆனா நகத்துல இருந்திருக்கும், இல்லன்னா சுடிதார் கையில. லேப் ஈஸ்ட்தான் ரோஸா வரும். பேக்கரி ஈஸ்ட் வெள்ளையா, குண்டா வரும். அதுக்கு யூராசில் போடலன்னாலும் கவலையே இல்ல, தானா வளரும். பாருங்க, கன்ட்ரோல்ல இருக்கிறது எல்லாமே வெள்ளை."

"சரி. அப்ப இந்த டிஎன்ஏ ப்ளேட்டுக்கு என்ன மதிப்பு?"

அவள் குனிந்து, விரலால் தொடாமல் எண்ண ஆரம்பித்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் முனுசாமி அண்ணனைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலயும் நிறைய வெள்ளை இருக்கு சார். அதெல்லாம் கணக்குல சேராது. ஆனா நடுவுல சின்னச் சின்னதா ரோஸ் கலர்ல பதினொண்ணு இருக்கு. கன்ட்ரோல்ல ஒண்ணுகூட ரோஸ் இல்ல. அதனால அந்தப் பதினொண்ணுதான் ஜீன் உள்ள போனது. தனியா எடுத்து மறுபடி வளத்துப் பாத்தாதான் நிச்சயமா சொல்வேன்." மூச்சு விட்டாள். "ரோஸ் என்னோடது சார். வெள்ளை எங்கப்பாவோடது."

லேப்பே சிரித்துவிட்டது. அந்த மனிதரும், சத்தியமாகச் சொல்கிறேன், பல் தெரியச் சிரித்தார். அப்புறம் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் பாஸ். நல்ல மார்க்கோடு பாஸ். எக்ஸ்டர்னல் கிளம்பும்போது என்னிடம் வந்தார். "மேடம், ஒங்க க்ளீன் ப்ளேட்டை நான் நம்பியிருந்தா, அந்தப் பொண்ணுகிட்ட முதல் கேள்வியே இந்த வெள்ளைப் புள்ளி எப்படி வந்ததுன்னுதான் கேட்டிருப்பேன். கன்ட்ரோல் காலியா இருக்கும்போது அவளால பதில் சொல்லியிருக்க முடியாது. ஃபெயில்தான்" என்றார். பிறகு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது, இரண்டு வருடம் பரீட்சை வேலையே கொடுக்கவில்லை. வேண்டியதுதான். வேறு ஒருவராக இருந்தால் நானே இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

எனக்கு வலித்தது மெமோ இல்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளை நான் குப்பையில் போட்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த டப்பாவிலிருந்து எத்தனை ப்ளேட் எடுத்துக் கொடுத்தேன்? அந்தப் பிள்ளைகளின் ப்ளேட்களில் என்ன எழுதியிருந்ததோ, யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் நான் வேகவைத்துவிட்டேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று மத்தியானமே டப்பாவைக் காலி செய்தேன். முனுசாமி அண்ணன் மார்க்கர்களைக் கொண்டுவந்து அதில் போட்டார். "எயுதறதுக்கு ஆவும் மேடம். அடியில எயுதறதுக்கு" என்றார். அந்த ஆளுக்கு வாய் ஜாஸ்தி. அதற்குப் பிறகு பரீட்சையில் சொதப்பிய பிள்ளைகளிடம், "ஏன் சொதப்பிச்சுன்னு சொல்லு, அதுக்கு மார்க்" என்று கேட்க ஆரம்பித்தோம். துறையில் சண்டை போட்டுத்தான் அதைக் கொண்டுவந்தேன். நீங்கள் அதை மாற்றினால் கோவிலம்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வருவேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில், எல்லா விழாவையும்போல மாலை, பொன்னாடை, யார் யாரோ பேச்சு. கடைசியில் முனுசாமி அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். பொழிச்சலூர் பேக்கரியிலிருந்து கேக். ரெபேக்கா எம்.எஸ்ஸி. முடித்து, இப்போது ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள், அன்றைக்கு லீவு கிடைக்காததால் வரவில்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, அவளே நின்று செய்துவிட்டுப் போனாளாம்.

பெட்டியைத் திறந்தோம். வட்டமான கேக், மேலே வழவழவென்று வெள்ளை க்ரீம். பூ இல்லை, பெயர் இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பேர் எழுத மறந்துட்டாங்க போல மேடம், ஃபோன் பண்ணிக் கேக்கவா?" என்றார் பிரின்சிபால்.

எனக்கு மட்டும் புரிந்தது. "அண்ணா, ஒரு கை பிடிங்க" என்றேன். இருவரும் கேக்கை அட்டையோடு தலைக்கு மேலே தூக்கினோம். கொஞ்சம் க்ரீம் அவர் சட்டையில் வழிந்தது, திட்டினார். நான் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அண்ணாந்து அடியைப் பார்த்தேன்.

மார்க்கரில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது:

"417 கன்ட்ரோல். இது என் ப்ளேட்தான் மேடம்."